செப்பா, சோலோவா, ஸ்பவுசல் ஐஆர்ஏவா? அமெரிக்காவில் சைடு பிசினஸ் நடத்தும் தம்பதிகளுக்கு

சொந்தத் தொழில் செய்பவர்கள் ஓய்வுக்காலத்துக்காக வரிச் சலுகையோடு சேமிக்கும் இரண்டு கணக்குகள், செப் ஐஆர்ஏவும் சோலோ 401கேயும். இதில் எது நல்லது என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த சைடு பிசினஸ் பணம் யார் பெயரில் வருகிறது? இதற்குப் பதில் தெரியாமல் இரண்டு கணக்கையும் ஒப்பிடுவதில் பிரயோஜனம் இல்லை. ஒரே வீட்டில் கணவருக்கு இரண்டும் ஒன்றாகவும், மனைவிக்கு ஒன்றைவிட மற்றது மூன்று மடங்காகவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது, அது புரிவதற்குள் இரண்டு வரி சீசன் போய்விட்டது.

பலருக்குக் குழப்பம் தொடங்குவது எங்கே என்றால், வரித் தாக்கல் இருவருக்கும் சேர்த்து ஒன்றாகப் போவதால் ரிட்டயர்மென்ட் கணக்கும் அப்படியே பொதுவானது என்று மனதுக்குள் ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. இல்லை. கூட்டு வங்கிக் கணக்கு உண்டு, கூட்டு வீட்டுக் கடன் உண்டு, கூட்டு ஐஆர்ஏ என்று ஒன்று கிடையாது. ஐஆர்ஏவின் (தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கு) முதல் எழுத்தே 'தனிநபர்' என்பதைத்தான் குறிக்கிறது. ஒவ்வொரு வரம்பும் ஆளுக்கு ஆள், சில வரம்புகள் தொழிலுக்குத் தொழில். வருமான உச்சவரம்பைப் பார்க்கும்போது மட்டும் இருவர் வருமானமும் ஒன்றாகக் கூட்டப்படும்.

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதை வைத்துத்தான். எனக்கு டபிள்யூ-2 (கம்பெனி ஊழியர்) சம்பளம், கம்பெனி 401கேயில் (கம்பெனி வழியாக ஓய்வுக்காலத்துக்குச் சேமிக்கும் கணக்கு) உச்சவரம்பு வரை போட்டுவிடுகிறேன். வார இறுதிகளில் கொஞ்சம் கன்சல்டிங், அதற்கு 1099 (ஊழியர் அல்லாதவருக்குக் கொடுத்த பணத்தைக் காட்டும் படிவம்) வரும். மனைவி வீட்டிலும் ஆன்லைனிலும் பாட்டு வகுப்பு எடுக்கிறார், அது அவர் பெயரில் தனி ஷெட்யூல் சி (சொந்தத் தொழிலின் லாப நஷ்டம் காட்டும் வரிப் படிவம்). அவருக்கு வேறு வேலை இல்லை. நான் சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்) இல்லை, ஆனால் ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) வெளியீடு 560-ஐ உட்கார்ந்து படித்து, பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்த்தவன்.

சரி, அடிப்படை. சொந்தத் தொழில் செய்பவருக்கு இரண்டு சட்டைப் பை. ஒன்று ஊழியராகப் போடுவது, இன்னொன்று முதலாளியாகப் போடுவது. இரண்டும் அதே ஆள்தான், ஆனால் சட்டம் இரண்டு பேராகப் பார்க்கிறது. ஊழியர் பையின் அளவு 2026-இல் 24,500 டாலர். இது ஆளோடு போகும் வரம்பு. எத்தனை வேலை பார்த்தாலும், எத்தனை 401கே இருந்தாலும் எல்லாவற்றிலும் சேர்த்து ஒருவருக்கு இவ்வளவுதான். முதலாளி பை அப்படி இல்லை, அது தொழிலோடு போவது. சட்டத்தில் 25 சதவீதம் என்று எழுதியிருக்கும், ஆனால் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும்போது அந்தத் தொகையையே வருமானத்திலிருந்து கழித்த பிறகு 25 சதவீதம் பார்க்க வேண்டும் என்பதால் சுற்றி வந்து 20 சதவீதத்தில் நிற்கும். அதுவும் முழு லாபத்தில் 20 சதவீதம் இல்லை, சுயதொழில் வரியில் (சொந்தத் தொழில் லாபத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி) பாதியைக் கழித்த மிச்சத்தில். ஒரு தொழிலுக்கு இரண்டு பையும் சேர்த்து 2026-க்கான உச்சவரம்பு 72,000 டாலர்.

செப் ஐஆர்ஏவில் இருப்பது முதலாளி பை மட்டும். சோலோ 401கேயில் இரண்டும் உண்டு. மற்ற எல்லா வேறுபாடும் இதற்கு அப்புறம்தான்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். செலவெல்லாம் போக ஷெட்யூல் சி லாபம் 60,000 டாலர், வேறு சம்பளம் எதுவும் இல்லை. 60,000-இல் 92.35 சதவீதம் 55,410. அதில் 15.3 சதவீதம் சுயதொழில் வரி, சுமார் 8,478. அதில் பாதி 4,239-ஐக் கழித்தால் மிச்சம் 55,761. அதில் 20 சதவீதம் 11,152. செப் வைத்திருந்தால் இத்தோடு கதவு மூடிவிடும், 11,152 டாலர்தான். சோலோ வைத்திருந்தால் அதே 11,152-உடன் ஊழியர் பங்கு 24,500-உம் சேரும், ஆக 35,652. ஒரே லாபம், ஒரே ஆள், மூன்று மடங்கு இடம். என் மனைவி போல வேறு வேலை இல்லாதவருக்கு இந்தக் கணக்கைக் காட்டிவிட்டால் பேச்சு முடிந்தது.

இப்போது அதே 60,000 என் பெயரில் வருகிறது என்று வையுங்கள். என் 24,500 ஏற்கெனவே ஆபீஸ் 401கேயில் தீர்ந்துவிட்டது. சோலோ திறந்தாலும் ஊழியர் பை காலி. மிஞ்சுவது முதலாளி பை மட்டும், அது செப்பில் எவ்வளவோ சோலோவிலும் அவ்வளவேதான். 'சோலோவில் நிறையப் போடலாமாமே' என்று கேள்விப்பட்டு, ஆபீஸ் 401கேயையும் நிரப்பிவிட்டு, சோலோவிலும் இன்னொரு 24,500 போட்டவர்களை எனக்குத் தெரியும். அது வரம்பு மீறல், ஏப்ரல் 15-க்குள் திரும்ப எடுக்காவிட்டால் அதே பணத்துக்கு இரண்டு முறை வரி கட்ட வேண்டி வரும். கணவன் மனைவி இருவரும் ஒரே சோலோ திட்டத்தில் இருந்தாலும் கணக்கு ஆளுக்குத் தனிதான்.

பல்கலைக்கழகத்திலோ மருத்துவமனையிலோ 403பி (401கே போலவே அங்கே இருக்கும் திட்டம்) வைத்திருப்பவர்களுக்கு இங்கே இன்னொரு முடிச்சு. சொந்தத் தொழில் அவர் கட்டுப்பாட்டில் இருந்தால், 403பியில் போடுவதும் அந்தத் தொழிலின் திட்டத்தில் போடுவதும் சேர்ந்து ஒரே 72,000 வரம்புக்குள் வர வேண்டும். சாதாரண 401கே வைத்திருப்பவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, கம்பெனிக்கு ஒரு 72,000, சொந்தத் தொழிலுக்கு ஒரு 72,000. ஏன் இந்த வேறுபாடு என்றால், 403பியைச் சட்டம் அந்த ஊழியரே நடத்தும் திட்டமாகப் பார்க்கிறது.

அப்படியானால் என்னைப் போன்றவருக்கு செப்பே போதுமே? அதைத்தான் நானும் நினைத்தேன், எங்களுக்கு அப்போது வரி போட்டுக் கொடுத்தவரும் அதைத்தான் சொன்னார். பத்து நிமிடத்தில் திறந்துவிடலாம், வருடாந்திரப் படிவம் எதுவும் கிடையாது, வரித் தாக்கல் நாள் வரைக்கும், நீட்டிப்பு வாங்கினால் அக்டோபர் 15 வரைக்கும்கூட முந்தைய வருடத்துக்குத் திறந்து பணமும் போட்டுவிடலாம். 2024-இல் செப்பில் 6,000 டாலர் போட்டேன். அதே வருடம் பேக்டோர் ராத்தும் செய்தேன், அதாவது வருமானம் கூடுதல் என்பதால் நேராக ராத் ஐஆர்ஏவில் (வரி கட்டிய பணத்தைப் போட்டு, ஓய்வுக்காலத்தில் வரியில்லாமல் எடுக்கும் கணக்கு) போட முடியாதவர்கள், வரிக்கழிவு எடுக்காமல் சாதாரண ஐஆர்ஏவில் 7,000 போட்டு உடனே ராத்துக்கு மாற்றிக்கொள்வது. வரி எதுவும் வராது என்று நினைத்திருந்தேன். படிவம் 8606 வேறு மாதிரி சொன்னது. அந்தப் படிவத்துக்கு செப்பும் ஒரு ஐஆர்ஏதான். டிசம்பர் 31 அன்று என் பெயரில் இருந்த ஐஆர்ஏ பணம் எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் ஊற்றி, அதில் ஏற்கெனவே வரி கட்டிய பங்கு எவ்வளவோ அந்த விகிதத்தில்தான் மாற்றிய தொகைக்கும் விலக்கு. 13,000-இல் 7,000 வரி கட்டியது, 6,000 கட்டாதது. ஆக மாற்றிய 7,000-இல் 3,231 டாலருக்கு வரி. பாலில் தண்ணீர் கலந்த பிறகு தண்ணீரை மட்டும் எடுக்க முடியாது என்பது மாதிரி.

அந்தத் தவறால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் அந்த வருடத்துக்கு அதைத் திருத்த வழியும் இல்லை. அடுத்த வருடம் செப்பில் இருந்த முழுப் பணத்தையும் ஆபீஸ் 401கேக்கு ரோல்ஓவர் செய்துவிட்டேன், அதாவது வரி கட்டாமல் அப்படியே அங்கே நகர்த்திவிட்டேன். எல்லாக் கம்பெனித் திட்டமும் வெளியிலிருந்து ரோல்ஓவரை ஏற்காது, எங்கள் கம்பெனி ஏற்றது. டிசம்பர் 31-க்குள் ஐஆர்ஏவில் மீதி பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அதற்கப்புறம் எனக்கும் சோலோதான். போடும் தொகை செப்பில் போட்ட அதே தொகைதான், ஆனால் சோலோ 401கே அந்த அண்டாவில் சேராது. இந்த விகிதக் கணக்கு ஆளுக்குத் தனி என்பதையும் சொல்ல வேண்டும்: என் செப் மனைவியின் பேக்டோர் ராத்தைத் தொடாது. பேக்டோர் ராத் பக்கமே போகாத தம்பதி என்றால், அதாவது இருவர் வருமானமும் சேர்த்து 2026-இல் 2,42,000 டாலருக்குள் இருந்து நேராகவே ராத் ஐஆர்ஏவில் போடுகிறவர்கள் என்றால், ஆபீஸ் 401கேயை நிரப்பியவருக்கு செப் நன்றாகவே போதும், நான் தடுக்க மாட்டேன். 2,42,000-இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து 2,52,000-இல் ராத் கதவு முழுக்க மூடும்.

செப்புக்கு இன்னொரு நல்ல பக்கம், தூங்கி எழுந்து ஏப்ரலில் ஞாபகம் வருபவர்களுக்கு. சோலோவில் தேதிகள் கொஞ்சம் கறார். முதலாளி பங்கை நீட்டிப்போடு சேர்த்து வரித் தாக்கல் நாள் வரை போடலாம். ஊழியர் பங்குக்கு, 'இவ்வளவு போடப்போகிறேன்' என்ற முடிவை வருடம் முடிவதற்குள் எழுத்தில் வைத்துவிட வேண்டும். செக்யூர் 2.0 சட்டம் வந்த பிறகு தனி உரிமையாளருக்கு ஒரு சலுகை உண்டு, திட்டம் தொடங்கும் முதல் வருடத்துக்கு மட்டும் அடுத்த ஏப்ரல் 15 வரை திறந்து ஊழியர் பங்கையும் போடலாம், நீட்டிப்பு இதற்குச் செல்லாது. அந்த முதல் வருட சலுகையை நம்பி இரண்டாம் வருடமும் ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. அப்புறம் சோலோவில் மொத்தப் பணம் 2,50,000 டாலரைத் தாண்டினால் படிவம் 5500-இசட் ஒவ்வொரு ஜூலை 31-க்குள் போக வேண்டும். கணவன் மனைவி இருவரும் ஒரே திட்டத்தில் இருந்தால் இருவர் மீதியும் சேர்த்துத்தான் அந்த இரண்டரை லட்சம். படிவம் சிறியது, மறந்தால் அபராதம் நாளுக்கு 250 டாலர்.

ஸ்பவுசல் ஐஆர்ஏ பற்றிப் பேசாமல் பலர் நேராக சோலோவுக்குத் தாவிவிடுகிறார்கள். மனைவிக்கு லாபம் குறைவு, அல்லது இந்த வருடம் நஷ்டமே என்றாலும், கணவருடைய சம்பளத்தைக் காட்டி மனைவி பெயரில் ஐஆர்ஏ போடலாம். கூட்டாக வரித் தாக்கல் செய்ய வேண்டும், இருவரும் போடும் தொகைக்குக் குறையாமல் வருமானம் வேண்டும், அவ்வளவுதான். 2026 வரம்பு 7,500, ஐம்பது வயதானால் மேலும் 1,100. வகுப்பு தொடங்கிய முதல் வருடம் மனைவியின் லாபம் சில ஆயிரம் டாலர்தான் வந்தது. அந்த நேரத்தில் சோலோவுக்கான திட்ட ஆவணம், தனி ஈஐஎன் (தொழிலுக்கான வரி அடையாள) எண் எல்லாம் தேவையில்லாத தலைவலி. என் அளவுகோல், லாபம் பத்தாயிரத்தைத் தாண்டி அது வருடாவருடம் வரும்போல் தெரியும் வரை ஐஆர்ஏவே போதும். இது என் பொறுமையின் அளவுகோல், சட்டத்தின் அளவுகோல் இல்லை. 12,000 லாபத்துக்கே சோலோவில் கிட்டத்தட்ட 11,000 போடலாம், செப்பில் 2,230 மட்டும்.

இங்கே ஒரு குறுக்கு விளைவு, இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மனைவிக்கு எந்த ரிட்டயர்மென்ட் திட்டமும் இல்லை, கணவருக்கு ஆபீஸ் திட்டம் உண்டு என்றால், மனைவியின் சாதாரண ஐஆர்ஏவுக்கு முழு வரிக்கழிவு 2026-இல் கூட்டு வருமானம் 2,42,000 வரை கிடைக்கும். மனைவி தன் தொழிலுக்கு செப்போ சோலோவோ திறந்து அதில் பணம் போட்ட உடனே அவரும் 'திட்டம் உள்ளவர்' ஆகிவிடுவார், அந்த எல்லை 1,29,000-க்கு இறங்கிவிடும், 1,49,000-இல் கழிவே இல்லை. ஆகவே கொஞ்சம் லாபத்துக்காக செப்பில் ஒரு 1,500 போடப்போய், ஐஆர்ஏவில் 7,500-க்கு வந்துகொண்டிருந்த வரிக்கழிவை இழப்பது நடக்கக்கூடியதுதான். ராத்தில் போடுபவருக்கு இந்தக் கவலை இல்லை.

அடுத்து, எல்லாரும் கேட்கும் அந்தக் கேள்வி. 'பிசினஸையே மனைவி பெயருக்கு மாற்றிவிட்டால் அந்த 24,500 கிடைக்குமே?' காகிதத்தில் பெயர் மாற்றினால் மட்டும் கிடைக்காது. உழைப்பவர் யாரோ அவருடையதுதான் சுயதொழில் வருமானம். நான் புரோகிராம் எழுதிவிட்டு அதை மனைவியின் ஷெட்யூல் சியில் காட்டினால் அது பொய்க் கணக்கு. உண்மையிலேயே இருவரும் உழைக்கும் தொழில் என்றால் வழிகள் உண்டு, ஆனால் அவற்றுக்கு விலையும் உண்டு, அந்த விலையை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

சோஷியல் செக்யூரிட்டி வரி ஆளுக்கு ஒரு உச்சவரம்போடு நின்றுவிடும், 2026-இல் 1,84,500 டாலர். கணவரின் ஆபீஸ் சம்பளமே அதைத் தாண்டிவிட்டால், அவர் பெயரில் வரும் 60,000 லாபத்துக்கு 12.4 சதவீதப் பங்கு கிடையாது, மெடிகேர் 2.9 சதவீதம் மட்டும், சுமார் 1,607 டாலர். கூட்டுச் சம்பாத்தியம் 2,50,000 தாண்டினால் மெடிகேருக்கு இன்னும் 0.9 சதவீதம் வரும், அது யார் பெயரில் வந்தாலும் வரும். அதே லாபம் மனைவி பெயரில் வந்தால் 8,478. வித்தியாசம் 6,870 சொச்சம், வருடாவருடம். பதிலுக்குக் கிடைப்பது என்ன? 24,500 டாலரை வரிக்கு முன் போடும் இடம், 24 சதவீத வரி அடுக்கில் 5,880 டாலர் வரி தள்ளிப்போகும். தள்ளித்தான் போகும், தள்ளுபடி ஆகாது. 6,870 நிஜமாகக் கையை விட்டுப் போகிறது, அதில் பாதி வரிக்கழிவாகக் கொஞ்சம் திரும்பினாலும். ஆகவே கணவர் பெரிய சம்பளக்காரர் என்றால், ரிட்டயர்மென்ட் இடத்துக்காக மட்டும் தொழிலை மனைவி பக்கம் நகர்த்துவது பெரும்பாலும் லாபம் இல்லை. கணவரின் சம்பளம் அந்த எல்லைக்கு ரொம்பக் கீழே என்றால் எப்படியும் 15.3 சதவீதம் கட்டத்தான் போகிறார், அப்போது கணக்கு முழுக்க மனைவி பக்கம் சாயும்.

இன்னொரு பக்கமும் உண்டு, நியாயமாகச் சொல்ல வேண்டும். மனைவி கட்டும் சோஷியல் செக்யூரிட்டி வீண் இல்லை. வருடத்துக்கு நான்கு கிரெடிட், நாற்பது சேர்ந்தால் அவர் பெயரிலேயே ஓய்வுக்காலப் பணம். மனைவி என்ற முறையில் கணவரின் தொகையில் பாதி வரை எப்படியும் கிடைக்கும் என்பதால் சொந்தத் தொகை சிறிதாக இருந்தால் பெரிய மாற்றம் தெரியாது. ஆனால் உடல்நலம் கெட்டு வேலை செய்ய முடியாமல் போனால் வரும் உதவிக்குச் சொந்த கிரெடிட் வேண்டும், அதைக் கணவரின் பெயரில் வாங்க முடியாது. என் மனைவி இதைக் கேட்டதும் சொன்னது, 'எனக்கு என் பேர்ல ஒண்ணு இருக்கட்டும்' என்பதுதான். அதற்கு எக்செல்லில் வரிசை கிடையாது, ஆனால் முடிவில் அதற்கும் இடம் கொடுத்தோம்.

இருவரும் உழைக்கும் தொழில் என்றால், மனைவியை ஊழியராக வைத்து டபிள்யூ-2 சம்பளம் கொடுக்கலாம், அல்லது இருவரும் அவரவர் பங்கைக் காட்டும் 'தகுதியுள்ள கூட்டுத் தொழில்' என்று தேர்வு செய்து ஆளுக்கு ஒரு ஷெட்யூல் சி போடலாம். முதலாவதில் சம்பளப் பட்டியல், காலாண்டுப் படிவம் எல்லாம் வரும். கூட்டாட்சி வேலையின்மை வரி மட்டும் கணவன் மனைவிக்குள் கிடையாது. இரண்டாவது எளிது, ஆனால் எல்எல்சியாகப் பதிவு செய்திருந்தால் கலிஃபோர்னியா, டெக்ஸாஸ் போன்ற சமூகச் சொத்து மாநிலங்களில் இருப்பவர்களுக்குத்தான் அதற்கு இணையான வழி திறந்திருக்கிறது. மற்ற மாநிலத்து எல்எல்சி என்றால் பார்ட்னர்ஷிப் வரித் தாக்கல்தான், அதற்குத் தனிச் செலவு.

விசாவில் இருப்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்திப் படிக்கவும். எச்-1பியில் இருப்பவர் ஸ்பான்சர் செய்த கம்பெனிக்கு மட்டும்தான் உழைக்கலாம், சொந்த சைடு பிசினஸில் வேலை செய்ய அனுமதி இல்லை. எச்-4 (எச்-1பிக்காரரின் துணைக்கான விசா) இஏடி (வேலை அனுமதி அட்டை) வைத்திருக்கும் மனைவியோ கணவரோ, 2015 மே மாதம் வந்த விதிப்படி, சுயதொழில் உட்பட எதுவும் செய்யலாம். அப்படிப்பட்ட வீட்டில் தொழில் முழுக்க எச்-4 இஏடி உள்ளவருடையதாகத்தான் இருக்க முடியும். கூட்டுத் தொழில் என்ற தேர்வுக்கு இருவரும் அதில் கணிசமாக உழைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதை வரிப் படிவத்தில் எழுதிக் கொடுப்பது, எச்-1பிக்காரர் தன் கையாலேயே ஒப்புக்கொள்வது மாதிரி. வரி மிச்சத்துக்காக விசாவைப் பணயம் வைக்க வேண்டாம். இஏடி இல்லாத எச்-4 என்றால் தொழிலும் இல்லை, சோலோவும் இல்லை, ஆனால் கணவரின் சம்பளத்தில் ஸ்பவுசல் ஐஆர்ஏ மட்டும் அப்போதும் உண்டு.

வரிக்கு முன் போடுவதா, ராத்தாகப் போடுவதா என்பதில் ஒரே ஒரு விஷயம். சொந்தத் தொழில் லாபத்தில் 20 சதவீதம் வரைக்கும் கழிவு தரும் கியூபிஐ விதி 2025 ஜூலையில் வந்த சட்டத்தோடு நிரந்தரமாகிவிட்டது. சோலோவிலோ செப்பிலோ வரிக்கு முன் போடும் ஒவ்வொரு 100 டாலரும் அந்த லாபத்தையும் 100 குறைத்து, 20 டாலர் கழிவைத் தின்றுவிடும். ஆக 100 போட்டு 80-க்குத்தான் வரிப் பயன். ஆபீஸ் 401கேயில் போடும் 100-க்கு இந்த வெட்டு இல்லை. மேலே நான் சொன்ன 5,880 உண்மையில் 4,704-ஆகச் சுருங்கும். எடுக்கும்போதோ முழு 100-க்கும் வரி. அதனால் எங்கள் வீட்டில் வரிக்கு முன் போடுவது என் ஆபீஸ் கணக்கில், மனைவியின் சோலோவில் ஊழியர் பங்கு முழுக்க ராத். சோலோ ராத்துக்கு வருமான உச்சவரம்பே கிடையாது என்பது கூடுதல் லாபம். ஆனால் எல்லா நிறுவனத்தின் சோலோ திட்ட ஆவணத்திலும் ராத் இருக்காது, ரோல்ஓவர் ஏற்பதும் அப்படியே, திறப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஐம்பது தாண்டியவர்களுக்கு 401கேயில் கூடுதலாக 8,000, அறுபதிலிருந்து அறுபத்து மூன்று வரை 11,250. 2026-இலிருந்து, முந்தைய வருடம் அந்தக் கம்பெனியில் 1,50,000-க்கு மேல் சம்பளம் வாங்கியவர் இந்தக் கூடுதல் தொகையை ராத்தாகத்தான் போட வேண்டும். தனி உரிமையாளருக்கு டபிள்யூ-2 சம்பளமே இல்லை என்பதால் தன் சோலோவில் அந்தக் கட்டாயம் வராது.

சிம்பிள் ஐஆர்ஏவையும் சிலர் கேட்பார்கள். 17,000 வரம்பு, அக்டோபர் 1-க்குள் திறக்க வேண்டும், முதல் இரண்டு வருடத்தில் எடுத்தால் 25 சதவீத அபராதம். ஆள் வைத்து நடத்தும் சிறு கடைக்குச் சரி, கணவன் மனைவி மட்டும் என்றால் நான் பார்க்கவே மாட்டேன்.

ஆள் வைப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. சோலோ என்ற பெயரே முதலாளியும் அவருடைய கணவனோ மனைவியோ மட்டும் என்பதால்தான். வருடத்துக்கு 1,000 மணி நேரம் வேலை செய்யும் ஊழியர் ஒருவர் வந்தால் அது சாதாரண 401கே ஆகிவிடும், தொடர்ந்து இரண்டு வருடம் 500 மணி நேரம் செய்யும் பகுதிநேர ஆளும் கணக்கில் வருவார். செப்பில் ஊழியர் வந்தால் வேறு மாதிரி சிக்கல்: தகுதி பெறும் ஊழியருக்கும் நீங்கள் உங்களுக்குப் போட்ட அதே சதவீதம் போட்டாக வேண்டும். மனைவியின் தொழிலில் ஆள் வைத்தால் கணவரின் தனித் தொழிலில் இருக்கும் சோலோவும் பாதிக்கப்படலாம். ஒருவர் தொழிலின் நிர்வாகத்தில் மற்றவர் கை வைத்தால் சட்டம் இரண்டையும் ஒரே குழுமமாகப் பார்க்கும். மனைவியின் வகுப்புக்கு ஒரு உதவியாளரை வைக்கலாமா என்று போன வருடம் பேச்சு வந்தபோது நாங்கள் முதலில் எண்ணியது மணிநேரத்தைத்தான்.

இப்போது நடப்பது இப்படி. முதலில் என் ஆபீஸ் 401கே, கம்பெனி போடும் பங்கு முழுதும் வரும்படி, பிறகு உச்சவரம்பு வரை, வரிக்கு முன். அடுத்து மனைவியின் சோலோவில் ராத், வகுப்பு எவ்வளவு தருகிறதோ அவ்வளவு. அதற்கப்புறம் இருவருக்கும் பேக்டோர் ராத் ஆளுக்கு 7,500. கடைசியாக மிச்சம் இருந்தால் மட்டும் என் கன்சல்டிங்கின் 20 சதவீதம் என் சோலோவில், அதைச் சில வருடம் போடுவதே இல்லை. முதலாளி பங்கு கட்டாயம் இல்லை, கூரை ஒழுகிய வருடம் அது கூரைக்குப் போனது.

நவம்பரில் மனைவி ஒன்று கேட்டார், வகுப்பை நிறுத்திவிட்டால் அந்த சோலோ என்ன ஆகும் என்று. தொழில் நின்றால் திட்டத்தையும் முடித்து பணத்தை வேறு இடத்துக்கு நகர்த்த வேண்டும், கடைசியாக ஒரு 5500-இசட், அது 2,50,000-க்குக் கீழே இருந்தாலும் போட வேண்டும். ராத் பகுதி ராத் ஐஆர்ஏவுக்குப் போகலாம், சிக்கல் இல்லை. வரிக்கு முன் போட்ட முதலாளி பங்கை சாதாரண ஐஆர்ஏவுக்கு மாற்றினால் பழைய அண்டா அவர் பெயரில் மறுபடி அடுப்பேறும். அதற்குள் அவருக்கு ஒரு ஆபீஸ் 401கே வந்திருந்தால் நேராக அங்கே போகலாம். இல்லையென்றால் அந்தச் சிறு தொகைக்கு வரியைக் கட்டி ராத்துக்கே மாற்றிவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். இப்போதைக்கு வகுப்பு நடக்கிறது, ஜனவரியில் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள்.